சில்லறைச் செலவில் போன நாற்பது ஆண்டுகள்

நமது இதழில் வழக்கமாக வரி விவரமும், மார்க்கெட் நிலவரமும், சங்கச் செய்திகளும்தான் இடம்பெறும். இந்த முறை என் சொந்தக் கதையை எழுதித் தரும்படி செயற்குழு நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் பள்ளிப் படிப்போடு நின்றவன். விருதுநகரில் வற்றல், மல்லி மொத்த வியாபாரம். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சிகரெட் குடிக்கத் தொடங்கியது 1977ல். வயது 19. ஒரு வற்றல் மண்டியில் சம்பளத்துக்கு இருந்தேன். முதலாளிக்கு சிகரெட் வாங்கி வருவதும் என் வேலைகளில் ஒன்று. பெட்டிக்கடையில் தேங்காய்நார்க் கயிறு தொங்கும். அதன் நுனியில் எந்நேரமும் நெருப்பு கனன்றுகொண்டிருக்கும். மூட்டை எண்ணிக்கொண்டிருக்கும்போது கை ஒழியாவிட்டால், "பத்த வச்சே கொண்டு வாடா" என்பார். ஒரு இழுப்பு இழுக்காமல் சிகரெட் பற்றாது. அந்த இழுப்புதான் எனக்குப் போணி. அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தொழில் கற்றுக்கொடுத்த மனிதர். மல்லியை உள்ளங்கையில் தேய்த்து மோந்து தரம் சொல்லும் வித்தையை அவரிடம்தான் கற்றேன். அந்த வித்தையில்தான் இன்றும் சாப்பிடுகிறேன்.

1985ல் தனியாக மண்டி போட்டேன். அதன் பிறகு என் சிகரெட்டுக்கு நான் ஒருநாளும் சட்டைப்பையிலிருந்து காசு எடுத்ததில்லை. கல்லாவிலிருந்து போகும். கணக்குப்பிள்ளை அதை டீ, சணல், கோணி ஊசி இவற்றோடு சேர்த்து 'சில்லறைச் செலவு' என்று எழுதிவிடுவார். பிற்பாடு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து, 2016ஆம் ஆண்டுக் கணக்கில் டீயையும் சணலையும் கழித்துப் பார்த்தோம். எனக்கும், வந்துபோன தரகர்களுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 200 ரூபாய் நின்றது. வருஷத்துக்கு 73,000 ரூபாய். மூட்டைக்கு ஐந்து ரூபாய்க்காகத் தரகரோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டுகிறவன் நான்.

பணம் போனதுகூடப் பெரிதில்லை. என்னை உலுக்கியது ஒரு மல்லி லோடு.

2016 மார்ச் மாதம், ராஜஸ்தான் ராம்கஞ்ச் மண்டிப் பக்கத்திலிருந்து புது மல்லி வரத்து தொடங்கிய நேரம். தரகர் சாம்பிள் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தார். வழக்கம்போலத் தேய்த்தேன், மோந்தேன், விலை பேசி முடித்தேன். லோடு இறங்கி நான்கைந்து மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்த்தபோது என் மகன், "அப்பா, பூஞ்சை வாடை அடிக்குதே, சாம்பிள்லயே அடிச்சிருக்குமே" என்றான். எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. மறுபடி தேய்த்து மூக்கோடு வைத்து இழுத்தேன். தெரியவில்லை. கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு மோரச் சொன்னேன். முகத்தைச் சுளித்தார். அந்த லோடில் எனக்கு வந்த நஷ்டத்தை இங்கே எழுத வேண்டாம். மூக்குப் போன மல்லி வியாபாரி, கண் போன துணி வியாபாரிக்குச் சமம் என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இருமல் அதற்கு முன்பே இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் காலையில் எழுந்ததும் சளி கட்டி இருமுவேன். யார் கேட்டாலும், "வத்தல் நெடிப்பா, வேறென்ன" என்பேன். வற்றல் மண்டிக்காரனுக்கு இதைவிட வசதியான பதில் கிடையாது. வீட்டம்மாவும் நம்பினார், நானும் நம்பினேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியதையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டேன்.

அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரு நெஞ்சு மருத்துவரைப் பார்த்தேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர். வத்தல் நெடி என்று நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, உங்க மண்டியில பீடி சிகரெட் தொடாத லோடுமேன் யாராவது இருக்காங்களா? அவருக்கு இருமல் இருக்கா? பார்த்துட்டு வந்து சொல்லுங்க" என்றார்.

மறுநாள் காலை கவனித்தேன். என்னிடம் ஏழு லோடுமேன்கள். அதில் ஒருவர் மட்டும் பீடி தொடாதவர்; 26 வருஷமாக அதே வற்றல் தூசியில் மூட்டை தூக்குகிறவர். மூட்டை பிரிக்கும்போது நாலு தும்மல் போட்டார், வெளியே போய் நின்றார், அத்தோடு சரி. மற்ற ஆறு பேரில் வயதான மூவர் வாசற்படியில் உட்கார்ந்து, என்னைப் போலவே, அடிவயிற்றிலிருந்து இருமினார்கள். நாற்பது வருஷமாகக் கண்ணெதிரே இருந்த கணக்கு. நான் கூட்டிப் பார்த்ததில்லை.

வற்றல் தூசியும் நல்லதில்லைதான், மூக்கில் துணி கட்டாமல் மூட்டை பிரிக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னார். அதை இப்போது மண்டியில் கட்டாயமாக்கிவிட்டேன். ஆனால் என் மூச்சைக் குறைத்தது புகை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. குழாயில் ஊதச் செய்து பார்த்ததில், என் வயதுக்கு இருக்க வேண்டிய மூச்சில் மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. "போனது திரும்பாது. இனிமேல் வேகமாகப் போகாமல் நிறுத்தலாம்" என்றார்.

"இந்த வயசுக்கு மேல விட்டு என்ன ஆகப்போகுது?" என்று கேட்டேன். நம்மில் பலர் கேட்கும் கேள்விதான். அதற்கு அவர் ஒரு கணக்குச் சொன்னார். ரிச்சர்ட் டால் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1951ல் தொடங்கி, பிரிட்டனில் உள்ள டாக்டர்களிடமே புகைப்பழக்கம் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டு, அவர்களை ஐம்பது ஆண்டுகள் விடாமல் கவனித்தார். 2004ல் வந்த முடிவு இது: புகைத்துக்கொண்டே இருந்தவர்களின் ஆயுள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் குறைந்தது. 30 வயதில் விட்டவர்கள் ஏறக்குறைய அந்தப் பத்தையும் மீட்டார்கள். 40ல் விட்டவர்களுக்கு ஒன்பது, 50ல் விட்டவர்களுக்கு ஆறு, 60ல் விட்டவர்களுக்கு மூன்று. அப்போது எனக்கு 58. பத்தில் மூன்று தேறும். வாராக் கடன் என்று தள்ளிய பாக்கியில் முப்பது சதவீதம் வந்தால் வேண்டாமென்று சொல்லும் வியாபாரி யாராவது இருக்கிறோமா?

அக்டோபர் தொடக்கத்தில் விட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மாதம் போனது. நவம்பர் 8 இரவு 8 மணிக்கு, 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று பிரதமர் தொலைக்காட்சியில் அறிவித்தார். கல்லாவில் இருந்த அன்றைய வசூலில் பெரும்பகுதி அந்த நோட்டுதான். மறுநாள் மூன்று லாரிக்கு வாடகை கொடுக்க வேண்டும். பக்கத்துக் கடை அண்ணாச்சி நீட்டியதில் ஒன்று எடுத்தேன். ஒன்றுதானே என்று நினைத்தேன். அந்த வாரம் முடிவதற்குள் பழைய எண்ணிக்கைக்கு வந்துவிட்டேன்.

மாலை போட்டால் மட்டும் எப்படி முடிகிறது?

மீண்டும் மருத்துவரிடம் போய், "எனக்கு மனஉறுதி கிடையாது தம்பி" என்றேன். சபரிமலைக்குப் போனதுண்டா என்று கேட்டார். 2004லும் 2011லும் மாலை போட்டிருக்கிறேன். ஒரு மண்டலம் சிகரெட்டைத் தொட்டதில்லை, கஷ்டமாகவும் தெரிந்ததில்லை. இரண்டு முறையும் மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றிய அன்றே பற்ற வைத்தேன். நம் பஜாரில் இப்படிப் பத்துப் பேரையாவது எனக்குத் தெரியும்.

இதைப் பல நாள் யோசித்துப் பார்த்தேன். மாலை போட்டால் சிகரெட் மட்டுமா மாறுகிறது? நாளே மாறுகிறது. விடியுமுன் எழுகிறோம், பச்சைத் தண்ணீரில் குளிக்கிறோம், சாப்பாட்டுக்கு நேரம் வருகிறது, இரவு பரோட்டாக் கடைக்குப் போவதில்லை, சீக்கிரம் படுக்கிறோம். எதிரே வருகிறவர் 'சாமி' என்று கும்பிடுகிறார். சிகரெட் பெட்டியை நீட்டுவதில்லை. மாலையைக் கழற்றியதும் பழைய நாள் அப்படியே திரும்பி வருகிறது. சிகரெட்டும் தன் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மனஉறுதி ஒரு மண்டலம் இருந்து, கடைசி நாளில் காணாமல் போய்விட்டது என்று சொல்ல முடியுமா?

இதை மருத்துவரிடம் சொன்னபோது அவர் ஒரு வேலை கொடுத்தார். ஒரு வாரம் வழக்கம்போலக் குடியுங்கள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் நேரமும் காரணமும் எழுதுங்கள் என்றார். கணக்கு எழுதுவது நமக்குப் புதிதா? சிட்டை போட்டேன். ஏழு நாளில் 131 சிகரெட். டீயோடு 41. தரகரோ, வெளியூர் வாடிக்கையாளரோ வந்து உட்கார்ந்தபோது 34. இரவு கணக்குப் பார்க்கும்போது 22. லாரிக்குக் காத்திருக்கும்போது 15. மீதி 19க்குக் காரணம் எழுதத் தெரியவில்லை. உடம்பு கேட்டது அந்தப் பத்தொன்பதும், காலையில் குடித்த சிலவும்தான் போலும். மற்றதெல்லாம் கடைநேரத்தில் தனக்கென்று நாற்காலி போட்டுக்கொண்டவை.

எனவே 2017 பங்குனிப் பொங்கலுக்கு மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியபோது சிகரெட்டை விட்டேன். இந்தத் தடவை திருவிழா முடிந்தும் பழைய நாளுக்குத் திரும்பவில்லை. நாற்காலிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன்.

முதலில் டீ. ஒன்பது டீயை மூன்றாக்கினேன். இடையில் வீட்டிலிருந்து கொண்டுவரும் மோரும் சீரகத் தண்ணீரும். மூன்று டீயையும் கல்லாவில் உட்கார்ந்து குடிக்காமல், நின்றுகொண்டு லோடுமேன்களோடு குடிக்கத் தொடங்கினேன். இடம் மாறினாலே பாதி நினைப்பு குறைகிறது. தரகர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். சிகரெட் பெட்டி இருந்த தட்டில் ஏலக்காயும் கிராம்பும் பொட்டுக்கடலையும் வைத்தேன். ஒருவர்கூட அதனால் வியாபாரத்தை வேறு மண்டிக்குக் கொண்டுபோகவில்லை. உபசாரம் குறைந்துவிடுமோ என்று இத்தனை வருஷம் பயந்தது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. இருவர், "நல்லதாப் போச்சு அண்ணாச்சி, நீங்க நீட்டுறீங்களேன்னுதான் நாங்களும் குடிச்சோம்" என்றார்கள்!

லாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் நடந்தேன். காலையில் ஸ்கூட்டரை விட்டுவிட்டுத் தெப்பக்குளத்தைச் சுற்றி அரைமணி நேரம் நடை. முதல் வாரம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை நின்றேன். மதியச் சாப்பாடு மூன்றரை மணியிலிருந்து ஒன்றரைக்கு வந்தது. இரவுக் கணக்குதான் கடைசிவரை அடம்பிடித்தது. பேனாவை எடுத்தால் இடது கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். கணக்குப்பிள்ளையிடம் கெஞ்சி, அந்த வேலையைக் காலை ஏழு மணிக்கு மாற்றினேன். காலையில் கூட்டலில் தப்பும் குறைவாக வருகிறது.

உடம்பு படுத்திய பாட்டையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். இரண்டாவது, மூன்றாவது நாள்தான் உச்சம். தலைவலி, எரிச்சல், கை நடுக்கம். முப்பது வருஷ வாடிக்கையாளர் ஒருவரிடம் கத்திவிட்டு, மாலையில் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். மூன்று வாரம் மலச்சிக்கல். இதை யாரும் முன்னால் சொல்வதில்லை. பலபேர் இதற்காகவே காலையில் ஒன்று பற்ற வைக்கிறார்கள். கொய்யாவும் கீரையும் நிறையத் தண்ணீரும் சரி செய்தன. ஆசை வந்து பிடுங்குவது சில நிமிடம்தான். அந்த நேரத்தை ஒரு மூட்டை எடை போட்டுப் பார்ப்பதிலோ, வாசல்வரை போய் வருவதிலோ கழித்துவிட்டால் போய்விடும். மருத்துவர் நிக்கோடின் சூயிங்கம் எழுதிக்கொடுத்தார். அதை மிட்டாய் மாதிரி மெல்லக் கூடாது. நாலு தடவை மென்று, சுரீரென்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். அந்த நேரத்தில் டீ, காபி குடித்தால் மருந்து சரியாக ஏறாது. பத்து வாரத்தில் படிப்படியாக அதையும் நிறுத்தினேன்.

ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. வற்றலுக்கும் மல்லிக்கும் 5 சதவீதம், பில் போடும் முறை முழுவதும் மாற வேண்டும், கம்ப்யூட்டர் ஓடவில்லை, ஆடிட்டர் போனை எடுக்கவில்லை. நோட்டுச் செல்லாத இரவு எனக்கு நினைவுக்கு வந்தது. இந்த முறை கல்லாவை மகனிடம் விட்டுவிட்டுத் தேசபந்து மைதானம்வரை நடந்து போய், அங்கே சிறிது நேரம் உட்கார்ந்திருந்து திரும்பினேன். பில் பிரச்சினை தீர மூன்று வாரம் ஆனது. அது சிகரெட் பிடித்திருந்தாலும் மூன்று வாரம்தான்.

இன்னொரு எச்சரிக்கை. தீபாவளிக்குள் ஐந்து கிலோ கூடிவிட்டேன். நாக்கில் ருசி திரும்பியதும் கை காராச்சேவுக்கும் அல்வாவுக்கும் போனது. நம் ஊர் எண்ணெய் பரோட்டாவும் கூப்பிட்டது. சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றது. உடம்பு கூடுகிறதே என்று பயந்து திரும்பவும் பற்ற வைத்த நண்பரை எனக்குத் தெரியும். அது தவறான வியாபாரம். விட்டவர்களுக்குச் சில கிலோ கூடுவது வழக்கம்தான், அதற்குத் தனியாக வைத்தியம் பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னார். நடையை முக்கால் மணி நேரமாக்கி, பரோட்டாவை மாதம் ஒருமுறை என்று வைத்து, அடுத்த பங்குனிக்குள் மூன்று கிலோ குறைத்தேன். மீதி இரண்டு கிலோ இன்னும் என்னோடுதான் இருக்கிறது.

மூக்கு? விட்டு ஆறேழு வாரத்தில் ஒரு காலை, மண்டி ஷட்டரைத் தூக்கியதும் மல்லி வாசனை முகத்தில் அடித்தது. வாசலிலேயே நின்றுவிட்டேன். பஜார் சாக்கடை வாடையும் சேர்த்துத்தான் திரும்பி வந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பழைய கூர்மை முழுவதும் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சாம்பிளை நானும் மகனும் தனித்தனியாக மோந்து பார்த்த பிறகே விலை பேசுகிறோம். காலை இருமல் மூன்று மாதத்தில் அநேகமாக நின்றது. ஊதும் சோதனையில் எண் பெரிதாக ஏறவில்லை, இறங்கவும் இல்லை.

சில்லறைக் கடை நண்பர்களுக்கு

சிகரெட், பீடி விற்காதீர்கள் என்று நான் எழுதினால், "உமக்கென்ன, மல்லி விற்கிறீர்" என்பீர்கள். நியாயம்தான். ஆனால் கடையில் விற்பவர் தன் சரக்கைத் தானே குடிப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் பெட்டி இருக்கிறது, காசு கொடுக்க வேண்டியதில்லை, எண்ணிக்கையும் இல்லை. விட நினைப்பவர் முதலில் அந்தத் தட்டை இடம் மாற்றி, எடுப்பதற்கெல்லாம் கல்லாவில் காசு போட்டுப் பாருங்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது, பள்ளி கல்லூரியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது என்பதும் உங்களுக்குத் தெரியும். கிட்டங்கியும் மண்டியும் பலர் வேலை செய்யும் இடம். 2008 அக்டோபர் 2 முதல் அங்கே புகைப்பது அபராதத்துக்குரியது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். 1998ல் ஒரு பீடித்துண்டு விழுந்து என் கிட்டங்கியில் எட்டுச் சாக்கு கருகியது. அன்று ஆள் பார்த்திராவிட்டால் இந்தக் கட்டுரை எழுத மண்டி இருந்திருக்காது.

நம் லோடுமேன்கள், "இது வெறும் இலை முதலாளி, சிகரெட் மாதிரி இல்லை" என்பார்கள். நானும் நம்பியதுண்டு. பீடியில் புகையிலை குறைவுதான். ஆனால் அந்த இலை சீக்கிரம் அணைந்துவிடும், அணையாமலிருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கிறது. டாக்டர் கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ ஆகியோர் நம் மாநிலத்தில் நகரத்திலும் கிராமத்திலும் இறந்த சுமார் 43,000 ஆண்களின் விவரத்தை ஆராய்ந்து 2003ல் வெளியிட்டார்கள். காசநோயால் இறக்கும் ஆபத்து, புகைப்பவர்களுக்கு மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு என்று அதில் தெரிந்தது. பீடி குடித்தவர்களும் அந்தக் கணக்கில் அடக்கம். வாசற்படியில் இருமிய மூவரையும் சளிப் பரிசோதனைக்கு அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஒருவருக்குக் காசநோய் இருந்தது. ஆறு மாதம் மருந்து சாப்பிட்டுக் குணமாகி, இப்போது இலகுவான வேலையில் இருக்கிறார். இருவர் பீடியை விட்டார்கள். மூன்றாமவர் விடவில்லை, வெளியே போய்க் குடிக்கிறார்.

எங்கள் மண்டியில் ஒரு பையன் இருக்கிறான். சேர்ந்தபோது வயது 20. நான் விடுவதற்கு முன் இரண்டு வருஷம் எனக்கு சிகரெட் வாங்கி வந்தவன் அவன்தான். இப்போது அவனும் குடிக்கிறான். ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, "உன்னைக் கடைக்கு அனுப்பிப் பழக்கியது நான்தாம்பா" என்றேன். "அப்படியெல்லாம் இல்ல முதலாளி" என்று தலையைக் குனிந்துகொண்டான். 1800-11-2356 என்ற கட்டணமில்லாத எண் 2018 முதல் சிகரெட் பெட்டிகளிலேயே அச்சாகி வருகிறது; தமிழிலும் பேசி வழி சொல்கிறார்கள். அவன் இரண்டு முறை பேசியிருக்கிறான். நாளுக்குப் பத்து என்பது நாலாகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு நடக்கவும் வருகிறான்.

காலை ஐந்தேகாலுக்குத் தெப்பக்குளத்திலிருந்து கிளம்புகிறோம். இப்போது பஜார்க்காரர்கள் ஒன்பது பேர் இருக்கிறோம். அதில் நால்வர் இன்னும் சிகரெட்டை விடாதவர்கள். நடக்கும் நேரத்தில் மட்டும் பிடிப்பதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். சங்க உறுப்பினர்கள் யாரும் வரலாம். திரும்பும்போது டீ என் கணக்கு, சர்க்கரை பாதி.